பக்கத்து மனைக்கு அனுமதி கொடுக்கும் முன் பழைய சுவரையும் பாருங்கள்

நகரத் திட்டக் குழுவினருக்கும், கட்டட அனுமதிப் பிரிவு அதிகாரிகளுக்கும், சாலைப் பணிப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றிய விவாதம் எங்கே நடந்தாலும், இடிப்பதா வைத்திருப்பதா என்ற இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. பாரம்பரியப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் கட்டடம் பிழைத்தது என்று ஆர்வலர்கள் நம்புகிறார்கள். பட்டியலில் ஏறிவிட்டால் மனை முடங்கியது என்று உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். பழைய சுவர்களோடு அன்றாடம் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிவது வேறு. பட்டியலில் உள்ள கட்டடங்களும் விழுகின்றன. அவற்றை இடிக்க யாரும் அனுமதி கொடுத்திருக்க மாட்டார்கள். பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்ட அனுமதி கொடுத்திருப்பார்கள். வாசலில் சாலையை உயர்த்த ஒப்பந்தம் விட்டிருப்பார்கள். சுவரைச் சிமென்டால் பூச மதிப்பீடு போட்டிருப்பார்கள். மூன்றும் உங்கள் மேசைக்கு வந்து கையெழுத்தாகிப் போகும் கோப்புகள். அதனால் புதுச் சட்டம் எதையும் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. அந்தக் கோப்புகளில் என்னென்ன நிபந்தனைகள் இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறோம்.

முதலில் பழைய கட்டுவேலை எப்படி நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய கனத்த சுவர் தன் எடையால் நிற்பது. அதில் கம்பி இல்லை. இழுவிசையைத் தாங்கும் திறன் இல்லை என்றே கொள்ளலாம். கடைக்கால் (அஸ்திவாரம்) பெரும்பாலும் ஆழம் குறைந்தது, அடியில் இரண்டு மூன்று வரிசை அகலப்படுத்திக் கட்டியது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட சுவர் மெதுவான அசைவைப் பொறுத்துக்கொள்ளும். நுண்விரிசல் விட்டாலும், உள்ளே இறங்கும் நீரில் கரைந்த சுண்ணாம்பு அந்த விரிசலிலேயே படிந்து ஓரளவு அடைத்துக்கொள்ளும். சில வாரங்களில், ஒரு முனை மட்டும் இறங்கும்போதுதான் அது தாங்காமல் போகிறது. பக்கத்தில் நிலத்தடித் தளத்துக்குக் குழி தோண்டும்போது நடப்பது அதுதான்.

குழியின் பாதிப்பு மனை எல்லையோடு நிற்பதில்லை. மண்ணின் தன்மையைப் பொறுத்து, குழி ஆழத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரம் வரை தரை இறங்கலாம். 10 மீட்டர் ஆழக் குழி என்றால் 20 முதல் 30 மீட்டருக்குள் இருக்கும் எல்லாக் கட்டடங்களும் கணக்கில் வர வேண்டும். எவ்வளவு இறங்கினால் ஆபத்து என்பதற்கு 1956இல் பொறியாளர்கள் ஸ்கெம்ப்டனும் மெக்டொனால்டும் தொகுத்துக் கொடுத்த அளவுகள் இன்றும் பயன்படுகின்றன: சரிவு 300இல் 1 ஆனால் சுவர்களில் விரிசல் தொடங்கும், 150இல் 1 ஆனால் தூணுக்கும் உத்திரத்துக்குமே சேதம், விரிசல் வரவே கூடாது என்றால் 500இல் 1க்குள் நிறுத்த வேண்டும். 6 மீட்டர் நீளச் சுவரில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 12 மில்லிமீட்டர் வித்தியாசம் வரலாம், 20 மில்லிமீட்டர் வரக் கூடாது என்று இதற்குப் பொருள். ஏற்கெனவே விரிசல் விட்ட சுவருக்கு இதைவிடக் கடுமையான எல்லை வேண்டும். குழிக்கு அருகில் உள்ள முனை மட்டும் தொங்கி, சுவர் நடுவில் முதுகு வளைவது போல வளைந்தால் இன்னும் மோசம். அடியில் கடைக்காலும் மண்ணும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். சுவர் உச்சியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால், விரிசல் மேலிருந்து வாய் பிளந்து இறங்கும்.

தரை ஏன் இறங்குகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்று காரணங்கள். குழியின் தடுப்புச் சுவர் உள்நோக்கி வளைகிறது. அடுத்த அடுக்குத் தாங்கிகளைப் பொருத்துவதற்கு முன்பே தோண்டிவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. ஒப்பந்தக்காரருக்கு ஒரு வாரம் மிச்சம், பக்கத்துச் சுவருக்கு ஆயுள் முழுக்க விரிசல். இரண்டாவது, தடுப்புச் சுவரின் இணைப்புகள் வழியே நீரோடு நுண்மணலும் கசிவது. 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரின் ஆவணக் காப்பகம் சில நிமிடங்களில் சரிந்தது இதனால்தான். அருகில் சுரங்க ரயில் பணிக்காக இறக்கிய நிலத்தடிச் சுவரில் ஒரு பலகம் குறையோடு நின்றிருந்தது. அந்த ஓட்டை வழியே நீரும் மண்ணும் குழிக்குள் பாய்ந்தன. பக்கத்து வீடுகளில் இருந்த இருவர் இறந்தார்கள், பல நூற்றாண்டு ஆவணங்கள் சேற்றில் புதைந்தன. அந்தக் காப்பகக் கட்டடம் பழையது அல்ல, 1971இல் கட்டியதுதான். காங்கிரீட் கட்டடத்துக்கே இந்தக் கதி என்றால் காரைச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம் நீர். குழியை உலர வைக்க இரவும் பகலும் பம்பு ஓடுகிறது. நிலத்தடி நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், அடியில் உள்ள மண்ணின் மீது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோநியூட்டன் கூடுதல் பாரம் ஏறுகிறது. ஏறக்குறைய ஒரு மாடியின் எடை அது. 5 மீட்டர் இறக்கினால், பழைய கட்டடத்தின் தலையில் ஐந்து மாடி கூடுதலாகக் கட்டியதற்குச் சமமான அழுத்தத்தை மென்களிமண் உணர்கிறது. தரைக்குள் இறக்கிய மரக் குத்துகளின் மேல் நிற்கும் கட்டடங்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. நீரில் மூழ்கியிருக்கும் வரை மரம் நூற்றாண்டுக் கணக்கில் கெடாது. மட்டம் இறங்கித் தலைப்பகுதிக்குக் காற்றுப் பட்டதும் பூஞ்சை பிடித்து அழுகத் தொடங்கும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1877இல் எழுந்த டிரினிட்டி தேவாலயம் அப்படி மரக் குத்துகளின் மேல் நிற்பது. எதிரே வானளாவிய கட்டடம் ஒன்றுக்குத் தோண்டிய குழியால் அதன் சுவர்களில் விரிசல் விழுந்தது. இழப்பீட்டு வழக்கு 1987இல்தான் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது.

செய்ய முடியாதது எதுவும் இல்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. 1990களில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் புகழ்பெற்ற பிக் பென் மணிக்கூண்டின் அருகிலேயே 39 மீட்டர் ஆழத்துக்குச் சுரங்க ரயில் நிலையம் தோண்டினார்கள். மணிக்கூண்டு சாயத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், அதன் அடியிலுள்ள களிமண்ணுக்குள் முன்கூட்டியே பதித்து வைத்த குழாய்கள் வழியே சிமென்ட் பாலை அழுத்தி நிமிர்த்தினார்கள். கருவியால் அளந்து, அளவைப் பார்த்து, உடனே செயல்பட்டதால் அது முடிந்தது.

ஆகவே ஆழமாகத் தோண்டும் ஒவ்வொரு அனுமதியிலும் நாங்கள் கேட்பது இதுதான். வேலை தொடங்கும் முன்பே பாதிப்பு எல்லைக்குள் உள்ள பழைய கட்டடங்களின் நிலை அறிக்கை கோப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு விரிசலுக்கும் எண், அகலம், புகைப்படம், தளமட்ட அளவீடு, கடைக்கால் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று ஓரிரு இடத்தில் தோண்டிப் பார்த்த குறிப்பு. விரிசல்கள் வெயிலுக்கும் மழைக்கும் தாமாகவே விரிந்து சுருங்கும் என்பதால், ஒரு நாள் அளந்துவிட்டுப் போனால் போதாது. சில மாதங்களாவது தொடர்ந்து அளந்திருந்தால்தான், பின்னால் வரும் அசைவு குழியால் வந்ததா பருவத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியும். விரிசலின் மேல் கண்ணாடித் துண்டை ஒட்டி வைக்கும் பழைய முறை போதாது. அசைவு இருந்தது என்று மட்டும் அது காட்டும். எவ்வளவு, எந்தத் திசையில் என்று காட்டாது. கோடிட்ட அளவுகோலை ஒட்டுங்கள். நீர்மட்டம் பார்க்கும் கண்காணிப்புக் குழாய்களை மனைக்கு உள்ளேயும் வெளியேயும் இறக்கச் சொல்லுங்கள். மட்டம் குறைந்தால் வெளிப்புறத்தில் நீரைத் திரும்பச் செலுத்தும் ஏற்பாடும் வேண்டும்.

அளவீட்டுக்கான பணத்தைப் புதுக் கட்டடம் கட்டுகிறவர் தரட்டும். அளப்பவர் அவருக்குக் கீழ் இருக்கக் கூடாது. அறிக்கை நேராக உங்களிடம் வர வேண்டும். அனுமதித்த அசைவில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் எச்சரிக்கை, முழு அளவு வந்ததும் வேலை நிறுத்தம் என்று எண்ணாகவே எழுதுங்கள். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் கருவிகள் எல்லாம் ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே சுவர் பிளக்கிறது. கணினித் திரையில் சிவப்பு தெரியும்; களத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்.

அதிர்வுக்கும் எண் வேண்டும். ஜெர்மனியின் டின் 4150 தரம், பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களுக்குத் தனி வரம்பு வைத்திருக்கிறது: வினாடிக்கு 10 சுழற்சிக்குக் குறைவான அதிர்வெண்ணில் கடைக்காலில் அதிர்வு வேகம் வினாடிக்கு 3 மில்லிமீட்டர். குடியிருப்புகளுக்கு 5, தொழிற்கூடங்களுக்கு 20. உங்கள் நிபந்தனையில் ஒரே எண்ணை எல்லாக் கட்டடத்துக்கும் போட்டிருந்தால், தொழிற்கூடத்துக்கான அளவைக் காரைச் சுவருக்குக் கொடுத்திருக்கக் கூடும். பழைய கட்டடத்துக்கு அருகே பைலை (தரைக்குள் ஆழமாக இறக்கும் தூணை) அடித்து இறக்க விடாதீர்கள். துளையிட்டு வார்க்கும் பைல் அல்லது அழுத்தி இறக்கும் பைல் போதும். அதிரும் சுத்தியலைத் தவிர்க்க முடியாவிட்டால், அது தொடங்கும்போதும் நிற்கும்போதும் குறைந்த அதிர்வெண்ணைக் கடந்து போகிறது, தரையும் தளங்களும் ஒத்ததிர்வது அப்போதுதான் என்பதை நினைவில் வைத்து, அந்தத் தொல்லை இல்லாத வகை இயந்திரத்தையே கேளுங்கள். பழைய காங்கிரீட் தளத்தை உடைப்பதற்குப் பதில் வைர வாளால் அறுத்துத் தூக்கச் சொல்லுங்கள்.

இனி சாலைப் பொறியாளர்களுக்கு. பலருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். எங்கள் கணக்கில் குழிக்கு அடுத்த பெரிய கேடு இதுதான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே தார் போடுகிறீர்கள். ஒரு தடவைக்கு 4, 5 சென்டிமீட்டர். நாலு தடவை போட்டால் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர். வாசற்படி ஒன்று மறைகிறது, மரத்தளத்துக்கு அடியில் காற்றோட விட்டிருந்த துவாரங்கள் மூடுகின்றன, மழைநீர் தெருவிலிருந்து கட்டடத்துக்குள் திரும்புகிறது. கூடவே நடைபாதையைச் சுவரோடு ஒட்டி இடைவெளி இல்லாமல் காங்கிரீட் போடும்போது, தரை வழியே ஆவியாகிப் போக வேண்டிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள் ஏறுகிறது. முன்பு கணுக்கால் உயரத்தில் நின்ற ஓதம் இடுப்பளவு வருகிறது. நனைந்த சுவருக்குள் பதிந்திருக்கும் உத்திரத்தின் முனைதான் முதலில் அழுகும். மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டித் தொடர்ந்தால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். மேலே வண்ணம் அடித்து மினுக்கும் கூடத்தில் உத்திர முனை உள்ளுக்குள் தூளாகியிருப்பது யாருக்கும் தெரியாது.

பரிகாரம் எளிது, செலவும் அதிகம் இல்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டடத்தின் பீடத்திலும் ஒரு மட்டக்குறி வையுங்கள். சாலை ஒப்பந்தத்தில், முடிந்த சாலை அந்தக் குறிக்கு இத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். போடும் கனத்துக்குச் சமமாகப் பழையதைச் சுரண்டி எடுக்காமல் வேலைக்கான தொகை கிடையாது என்று சொல்லுங்கள். சுவரை ஒட்டி அரை மீட்டர் அகலத்துக்குச் சரளைக்கல் பட்டை விடுங்கள். குடிநீர், கழிவுநீர்க் குழாய்களைச் சுவருக்கு அருகே இறக்கும்போது கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே பள்ளம் போகக் கூடாது. போக வேண்டியிருந்தால் சிறு சிறு நீளமாகத் தோண்டி, மூடி, பிறகு அடுத்ததைத் தோண்ட வேண்டும்.

பழைய சுவருக்குச் சிமென்ட் கேடு என்று பலரும் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் ஒப்பந்தங்களில் அதுவே வருகிறது, காரணம் அறியாமை மட்டும் அல்ல. அரசு வேலைகளுக்கான விலை அட்டவணையில் சிமென்ட் பூச்சுக்கு விலை உண்டு, சுண்ணாம்புப் பூச்சுக்கு இருப்பதில்லை. அட்டவணையில் இல்லாத வேலைக்கு இளநிலைப் பொறியாளர் எப்படி மதிப்பீடு போடுவார்? கையில் இருப்பதைத்தான் போடுவார். பூசிய முதல் சில ஆண்டுகள் சுவர் பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே போன ஈரம் சிமென்டைத் தாண்டி வெளியே வர முடியாது; அதில் கரைந்திருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகிச் செங்கல்லின் முகத்தைப் பொரித்துத் தள்ளும். ஒரு நாள் பூச்சு பாளமாக விழும்போது செங்கல்லின் முகமும் கூடவே வரும். அதைப் பார்த்து இன்னும் கெட்டியான கலவை போடுகிறார்கள். செங்கல்லைவிடக் கலவை மென்மையாக இருக்க வேண்டும் என்பதே பழைய கட்டுவேலையின் அடிப்படை. அசைவையும் ஈரத்தையும் உப்பையும் காரை வாங்கிக்கொண்டு தேய வேண்டும், கல் பிழைக்க வேண்டும். தேய்ந்த காரையைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்த செங்கல்லை மாற்றச் சுவரைப் பிரிக்க வேண்டும்.

ஆகவே அட்டவணையில் சுண்ணாம்பு வேலைக்கும் விலை சேருங்கள். நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, கூர்மணல் 3 பங்கு என்பது தொடக்க அளவு. ஏற்கெனவே சுவரில் உள்ள காரையை ஆய்வகத்தில் அமிலத்தில் கரைத்துப் பார்த்தால், எஞ்சும் மணலின் பருமனும் பங்கும் தெரியும், அதற்கேற்ப மாற்றுங்கள். மணலிலேயே கிளிஞ்சலோ சுண்ணக்கல்லோ கலந்திருந்தால் அதுவும் கரைந்து கணக்கைக் கெடுக்கும், கவனம். செங்கற்களுக்கு இடையிலான பழைய காரை இணைப்புகளை அவற்றின் அகலத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்கு உளியால் சுரண்டி எடுக்க வேண்டும். சுழலும் வெட்டு இயந்திரத்தைத் தொடவே விடாதீர்கள். ஒரு நாளில் நூறு செங்கற்களின் விளிம்பைத் தின்றுவிடும். பூசும் முன் சுவரை நனைத்து, பூசிய பின் ஈரச் சாக்குப் போட்டு, வெயிலும் காற்றும் நேராகப் படாமல் சில நாள் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. வேகமாகக் காய்ந்தால் கல்லாகாமல் தூளாகும். எப்போதும் நனைந்தே இருக்கும் சுவர்ப் பகுதிக்கு மட்டும் நீரிலும் இறுகும் வகைச் சுண்ணாம்பு வேண்டும்.

ஒப்பந்தக் காலமும் இதில் சிக்கல். சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது மூன்று மாதமாவது ஊற வைத்தால்தான் நல்லது. மொத்த வேலைக்கே மூன்று மாதம் கொடுத்தால் ஒப்பந்தக்காரர் என்ன செய்வார்? மூட்டைத் தூளைக் கலக்குவார், இறுகவில்லை என்று யாருக்கும் தெரியாமல் சிமென்ட் சேர்ப்பார். சுண்ணாம்பு நீற்றுவதற்குத் தனிப் பணி ஆணை கொடுத்து முன்பே தொடங்கிவிடுங்கள். பூச்சு வேலை ஆணை பிறகு வரட்டும்.

முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் கோபுரம் எழுப்பலாம் என்ற சமரசத் திட்டம் அடிக்கடி உங்களிடம் வரும். அதைப் பாதுகாப்பு என்று எங்களால் ஏற்க முடியவில்லை. பொறியியலிலும் அது சுலபமில்லை. மூன்று மாடி முகப்பை ஒவ்வொரு மாடியின் தளமும் பின்னாலிருந்து பிடித்திருக்கிறது. தளங்களை எடுத்ததும் 12 மீட்டர் உயரச் சுவர் தனியாக நிற்கிறது. அதைத் தாங்க எஃகுச் சட்டமும் அந்தச் சட்டத்துக்கே கனமான அடிப்பாரமும் தெருவை அடைத்து நிறுத்த வேண்டும். அவ்வளவு செலவழித்த பின் மிஞ்சுவது ஒரு திரை. முன்வரிசை அறைகள், மாடிப்படி, கூரை இவற்றையாவது முழுமையாக வைத்துப் பின்முற்றத்தில் உயரமாகக் கட்டச் சொல்லுங்கள். புதியதையும் பழையதையும் இறுகப் பிணைத்துவிடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு அளவில் இறங்கும், நடுவில் நகரும் இணைப்பு வேண்டும்.

பயன்பாட்டை மாற்றும் மனுக்களில் தாராளமாக இருங்கள். பயன்பாட்டில் உள்ள கட்டடம்தான் பராமரிக்கப்படும். நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1964இன் வெனிஸ் சாசனம் ஐந்தாம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது. பாரத்தை மட்டும் பாருங்கள். குடியிருப்புத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் அளவில் கணக்கிடுவது வழக்கம். நூலகத்தின் புத்தக அடுக்கறைக்கு அதைப் போல மூன்று மடங்காவது வேண்டும். 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றால் 1 டன். அதைப் பழைய கூரையின் நடுவில் வைக்க அனுமதிக்காதீர்கள், பக்கத்தில் தனிச் சட்டம் எழுப்பட்டும். பழுது பார்க்கும் காலத்தில் தீயும் பெரிய ஆபத்து. பாரிஸின் நோத்ர தாம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்ததும், கிளாஸ்கோ கலைப் பள்ளி 2018இல் இரண்டாம் முறை எரிந்ததும் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான். பற்றவைப்பு, வெட்டு வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது ஆள் காவல் இருக்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனையாகட்டும்.

கடைசியாக உரிமையாளரின் பணம். ஊரார் ரசிப்பதற்காக ஒருவர் மட்டும் நட்டப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அல்ல. நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கிய பிறகுதான் 1965இல் அந்நகரம் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்து, கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் கோபுரம் கட்ட வழக்குப் போட்டபோது, 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. கட்ட முடியாமல் போன தளப்பரப்பை அருகிலுள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை இருந்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. மேம்பாட்டு உரிமை மாற்றம் என்ற இந்த வழியை நீங்களும் திறக்கலாம். இரண்டு இடத்தில் அது கெட்டுப்போகும். உரிமையை வாங்கிப் பயன்படுத்த ஆள் இல்லாத பகுதியைப் பெறும் இடமாகக் குறித்தால், சான்றிதழ் வெறும் காகிதம். போக்குவரத்து வசதி உள்ள, கூடுதல் மாடிக்குத் தேவை உள்ள பகுதியைக் குறியுங்கள். இன்னொன்று, முழு உரிமையையும் ஒரே தவணையில் கொடுத்தால், விற்றுப் பணமாக்கிவிட்டுக் கட்டடத்தை ஒழுக விடுவார்கள். சில மழைக்காலம் போனால் அபாயக் கட்டடம் என்று உங்களிடமே இடிப்பு ஆணை வாங்குவார்கள். கூரையும் வடிகாலும் சீரானதும் ஒரு பங்கு, சுவரும் மரவேலையும் முடிந்ததும் ஒரு பங்கு, ஐந்தாண்டுப் பராமரிப்பு ஆய்வுக்குப் பின் மீதி என்று பிரித்துக் கொடுங்கள்.

உடைந்த கூரை ஓடுகளை மாற்ற, அடைந்த வடிகாலைத் திருத்த, அதே பொருளால் அதே அளவில் பழுது பார்க்க அனுமதியே வேண்டாம். தகவல் கடிதம் போதும் என்று ஆக்குங்கள். குழுக் கூட்டத்துக்காக ஒழுகும் கூரை ஆறு மாதம் காத்திருக்க முடியாது.

எல்லாப் பழைய கட்டடங்களையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அளந்து, வரைந்து, பதிவு செய்த பின் விட்டுவிடக்கூடியவையும் உண்டு. வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தவற்றுக்காகவே இந்த நிபந்தனைகள். முதல் படியாக, புது மனு வரைபடங்களில் குழியின் குறுக்குவெட்டோடு பக்கத்துக் கட்டடத்தின் கடைக்கால் ஆழமும் தூரமும் நீர்மட்டமும் ஒரே தாளில், ஒரே அளவுகோலில் வரையப்பட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அந்தத் தாள் இல்லாத மனுவைப் பதிவெண் போடாமல் திருப்பி அனுப்புங்கள். நிபந்தனைப் படிவத்தின் மாதிரியையும் சுண்ணாம்பு வேலைக்கான அட்டவணைப் பகுதியையும் எழுதிக் கொடுக்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பழங்கட்டடச் சீரமைப்பில் பணிபுரியும் பொறியாளர்களும் கொத்தனார்களும்